மூன்று லட்சம் வோல்ட் சும்மா விட்டது, 230 வோல்ட் ஏன் கொல்கிறது?

கேள்வி: முதலாண்டு வேதியியல்

பி.எஸ்சி. வேதியியல் முதலாண்டு படிக்கிறேன். இயற்பியல் துணைப்பாடம். நிலைமின்னியல் கணக்குகளைப் போட்டுவிடுகிறேன், விடையும் சரியாக வந்துவிடுகிறது. ஆனால் மின்னழுத்தம் வேறு, மின்னழுத்த ஆற்றல் வேறு என்பதை என் தம்பிக்குச் சொல்லிக் கொடுக்க உட்கார்ந்தால், சூத்திரத்துக்கு மேல் ஒரு வரி வருவதில்லை.

சென்ற மாதம் ஓர் அறிவியல் கண்காட்சியில் வான் டி கிராஃப் இயந்திரம் வைத்திருந்தார்கள்; ஓடும் ரப்பர்ப் பட்டையால் உலோகக் கோளத்தில் மின்னூட்டத்தைச் சேர்க்கும் கருவி அது. குறுக்களவு 30 செ.மீ. இருக்கும், பளபளவென்று ஓர் அலுமினியக் கோளம். பிளாஸ்டிக் முக்காலியில் ஏறி நின்று அதன்மேல் கை வைத்தேன். முடியெல்லாம் எழுந்து நின்றது. பக்கத்து அட்டையில் 3,00,000 வோல்ட் என்று எழுதியிருந்தது. இறங்கி வந்து விரலை நீட்டினேன். சுருக்கென்று ஒரு பொறி, அவ்வளவுதான். அன்று மாலையே விடுதியில் வாளித் தண்ணீரில் ஹீட்டர் கம்பியைப் போட்டபோது, "ஈரக்கையோடு கிட்டே போகாதே, 230 வோல்ட், உயிர் போய்விடும்" என்று வார்டன் கத்தினார். இரண்டு பேரும் பொய் சொல்லவில்லை. அப்படியானால் வோல்ட் என்ற எண் எதைத்தான் சொல்கிறது?

இன்னொரு குழப்பமும் இருக்கிறது. புரோட்டானைச் சுற்றி மின்னழுத்தம் நேர்குறி என்கிறது இயற்பியல் புத்தகம். ஹைட்ரஜன் அணுவின் ஆற்றல் எதிர்க்குறி, −13.6 எலக்ட்ரான் வோல்ட் என்கிறது வேதியியல் புத்தகம். ஒரே இடத்தில் ஒன்று நேராகவும் மற்றொன்று எதிராகவும் எப்படி இருக்க முடியும்?

ஒரு வேண்டுகோள்: தண்ணீர்த் தொட்டி உதாரணம் வேண்டாம். ஒன்பதாம் வகுப்பிலிருந்து அதைக் கேட்டுக் காது புளித்துவிட்டது. தண்ணீர் எப்போதும் மேலிருந்து கீழேதான் வரும். எலக்ட்ரான் மட்டும் குறைந்த மின்னழுத்தத்திலிருந்து அதிகமானதை நோக்கி ஏன் ஓடுகிறது என்று கேட்டால் தொட்டியிடம் பதில் இல்லை.

பதில்: சூத்திரம் போதும்

மின்னழுத்த ஆற்றல் = மின்னூட்டம் × மின்னழுத்தம். இதில் குழம்ப என்ன இருக்கிறது? மதிப்புகளைப் போடுங்கள், விடை வரும்.

பதில்: பிக்சர் டியூப்

விடை வருகிறது என்றுதானே அந்தப் பெண்ணும் எழுதியிருக்கிறது. கேள்வியை முழுக்கப் படித்துவிட்டுப் பதில் எழுதலாம்.

அம்மா, நான் ஐ.டி.ஐ. படித்தவன். திண்டுக்கல்லில் டி.வி. பழுது பார்க்கும் கடை வைத்திருந்தேன். கண்ணாடிக் குடுவை டி.வி.க்கள் போனதோடு கடையும் போயிற்று. ஆனால் பெரிய வோல்ட், சின்ன வோல்ட் என்று நீங்கள் கேட்ட இரண்டும் ஒரே பெட்டிக்குள் இருந்த இடம் அது என்பதால் எழுதுகிறேன்.

கலர் டி.வி.யின் பிக்சர் டியூபுக்குச் சுமார் 25,000 வோல்ட் வேண்டும். டியூபின் முதுகில் ரப்பர் மூடி போட்ட ஒரு தடித்த ஒயர் போகுமே, அதில்தான் அது வரும். குடுவையின் உட்பூச்சும் வெளிப்பூச்சும், நடுவில் இருக்கும் கண்ணாடியும் சேர்ந்து ஒரு மின்தேக்கி ஆகிவிடும். அதன் கொள்திறன், அதாவது ஒரு வோல்ட்டுக்கு அது வாங்கிவைக்கும் மின்னூட்டம், ஏறக்குறைய 2,000 பிக்கோஃபாரட். பிளக்கைப் பிடுங்கிய பிறகும் மின்னூட்டம் உள்ளேயே உட்கார்ந்திருக்கும். ஸ்குரூடிரைவரை ஒயரால் சேஸிஸோடு கட்டி, ரப்பர் மூடிக்கு அடியில் நுழைப்போம். 'டப்' என்று ஒரு சத்தம் கேட்கும். அதற்குப் பிறகுதான் கை வைப்போம்.

அதே பெட்டியில், மின்சாரம் நுழையும் இடத்தில், கட்டைவிரல் பருமனில் இன்னொரு மின்தேக்கி நிற்கும். 220 மைக்ரோஃபாரட். அதில் இருப்பது 325 வோல்ட்தான். 230 வோல்ட் மாறுமின்னோட்டத்தின் உச்சம் அது.

இப்போது கணக்குப் போடுங்கள். மின்தேக்கியில் சேர்ந்திருக்கும் ஆற்றல், கொள்திறனையும் மின்னழுத்தத்தின் இருமடியையும் பெருக்கியதில் பாதி. டியூபில் 0.6 ஜூல் சொச்சம். கட்டைவிரல் மின்தேக்கியில் 11.6 ஜூல். வோல்ட்டில் டியூப் 75 மடங்குக்கு மேல் பெரியது. ஆற்றலில் சின்னவன் அதைப்போல் 18 மடங்கு. கடைக்கு வேலை கற்க வரும் பையன்கள் எல்லாரும் டியூபைப் பார்த்துத்தான் பயப்படுவார்கள். நான் அந்தச் சின்ன டப்பாவைக் காட்டித்தான் மிரட்டுவேன்.

வோல்ட் சொல்வது இதுதான்: ஓர் இடத்திலிருந்து இன்னோர் இடத்துக்கு ஒரு கூலூம் மின்னூட்டம் போனால் எத்தனை ஜூல் கைமாறும். ஒரு கூலூம் அங்கே இருக்கிறதா என்று அது சொல்வதே இல்லை. உங்கள் அலுமினியக் கோளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 15 செ.மீ. ஆரம் என்றால் கொள்திறன் 17 பிக்கோஃபாரட்தான் வரும். 3 லட்சம் வோல்ட்டுக்கு அதில் தங்கும் மின்னூட்டம் 5 மைக்ரோகூலூம், அதாவது ஒரு கூலூமில் இரண்டு லட்சத்தில் ஒரு பங்கு. ஆற்றல் 0.75 ஜூல். முக்கால் லிட்டர் தண்ணீர்ப் பாட்டிலை 10 செ.மீ. தூக்கினால் அந்த வேலை முடிந்துவிடும். பொறி பாய்ந்ததும் கோளம் காலி. அதை நிரப்பும் ரப்பர்ப் பட்டை வினாடிக்குச் சில மைக்ரோகூலூம்தான் சுமந்து வரும்.

ஹீட்டர் கம்பியின் பின்னால் இருப்பது அப்படியல்ல. தெருமுனை டிரான்ஸ்ஃபார்மர், அதற்குப் பின்னால் துணைமின்நிலையம், அதற்குப் பின்னால் எங்கோ ஓர் அனல்மின் நிலையம். நீங்கள் தொட்டதற்காக 230 வோல்ட் இறங்கிவிடாது. ஈரத்தோலோடு உடம்பின் மின்தடையை ஆயிரம் ஓம் என்று வைத்தால் 0.23 ஆம்பியர் ஓடும். 53 வாட், கையை எடுக்கும்வரை ஒவ்வொரு வினாடியும் 53 ஜூல். வீட்டுக்கு மாட்டும் ஆர்.சி.சி.பி. என்ற மின்கசிவுத் துண்டிப்பான் 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே விழுந்துவிடும்படி செய்திருப்பது சும்மா அல்ல. வார்டன் சொன்னதைக் கேளுங்கள்.

முக்காலியில் நின்றபோது உங்களுக்கு ஒன்றும் ஆகாததற்குக் காரணமே வேறு. அப்போது நீங்களும் கோளமும் ஒரே மின்னழுத்தத்தில் இருந்தீர்கள். தலைக்கும் காலுக்கும் வேறுபாடு இல்லை, அதனால் உடம்புக்குள் எதுவும் ஓடவில்லை. 11,000 வோல்ட் கம்பியில் காக்கை உட்கார்ந்திருப்பதும் இப்படித்தான். மழைக்காலத்தில் அறுந்து விழுந்த கம்பியின் பக்கத்தில் மாடுதான் முதலில் சாகும். தரையிலேயே மின்னழுத்தம் அடிக்கு அடி மாறும். மாட்டின் முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம். ஆகவே ஒற்றை இடத்துக்கு 'இத்தனை வோல்ட்' என்று யாராவது சொன்னால், 'எதிலிருந்து?' என்று கேளுங்கள். சொல்லாமல் விட்டால் பெரும்பாலும் பூமியிலிருந்து என்று பொருள்.

பதில்: வோல்ட்டா ஆம்ப்பா

சுருக்கமாகச் சொன்னால், கொல்வது மின்னோட்டம்தான், வோல்டேஜ் அல்ல. இதற்கு இவ்வளவு நீட்டி எழுத வேண்டுமா?

பதில்: பிக்சர் டியூப்

இந்த வாசகம் பாதி உண்மை. அதனால்தான் ஆபத்து.

கார் பேட்டரி ஸ்டார்ட்டர் மோட்டாருக்கு 200 ஆம்பியருக்கு மேல் கொடுக்கும். அதன் இரண்டு முனையிலும் உலர்ந்த கைகளை வைத்தால் ஒன்றும் தெரியாது. மின்னோட்டம்தான் கொல்லும் என்றால் அந்த 200 ஆம்பியர் எங்கே போயிற்று? பேட்டரிக்குள் ஆம்பியர் நிரப்பி வைக்கப்படவில்லை. 12 வோல்ட்டால் உலர்ந்த தோலைத் தாண்டி மிகச் சிறிய மின்னோட்டத்தைத்தான் தள்ள முடியும். அதே முனைகளுக்குக் குறுக்கே ஸ்பேனர் விழுந்தால் கதை வேறு, பழுக்கக் காய்ந்துவிடும். வோல்ட் இல்லாமல் ஆம்பியர் நகராது. ஆம்பியரைத் தொடர்ந்து கொடுக்கப் பின்னால் சரக்கு இல்லாவிட்டால் வோல்ட் நிற்காது. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

வோல்ட் இருந்தும் சரக்கு இல்லாத நிலையை எந்த எலக்ட்ரீஷியனும் பார்த்திருப்பார். எதோடும் இணைக்காமல் விட்ட ஒயரில் டிஜிட்டல் மல்டிமீட்டரை வைத்தால் 80, 90 வோல்ட் காட்டும். பக்கத்தில் ஓடும் லைவ் ஒயர் தூண்டிவிட்டது அது. அனுபவசாலி மீட்டரை நம்பாமல் ஹோல்டரில் மாட்டிய ஒரு குண்டு பல்பை இணைத்துப் பார்ப்பார். பல்பு கண் திறக்காது, மீட்டரும் சுழிக்கு இறங்கிவிடும்.

பதில்: கரும்பலகை

கல்லூரியில் முதலாண்டுக்கு இதே பாடம் நடத்துகிறேன். மேலே ஐயா சொன்ன கணக்குகள் சரி. இரண்டாவது கேள்வி தொடப்படாமல் நிற்கிறது, அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

மின்னழுத்தம் இடத்தைப் பற்றியது. அங்கே யாரும் இல்லாவிட்டாலும் அது உண்டு. ஆற்றல், அங்கே எதைக் கொண்டுபோய் வைக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது. சரியாகச் சொன்னால், வைத்த துகளுக்கு மட்டும் சொந்தமானதும் அல்ல. துகளும் அதைச் சுற்றியுள்ள மின்னூட்டங்களும் சேர்ந்த அமைப்புக்குச் சொந்தமானது. ஹைட்ரஜனில் போரின் ஆரம் 0.0529 நானோமீட்டர். புரோட்டானிலிருந்து அந்தத் தொலைவில் மின்னழுத்தம் +27.2 வோல்ட். எலக்ட்ரான் வந்தாலும் வராவிட்டாலும் இதுதான். அங்கே எலக்ட்ரானை வையுங்கள். அதன் மின்னூட்டம் எதிர்க்குறி. பெருக்கினால் ஆற்றல் −27.2 எலக்ட்ரான் வோல்ட். அதன் இயக்க ஆற்றல் +13.6. கூட்டினால் உங்கள் வேதியியல் புத்தகத்தின் −13.6. இரண்டு புத்தகங்களுக்கும் சண்டை இல்லை. ஒன்று இடத்தைப் பேசுகிறது, மற்றது அந்த இடத்தில் இருக்கும் எலக்ட்ரானைப் பேசுகிறது.

எலக்ட்ரான் அதிக மின்னழுத்தத்தை நோக்கி ஓடுவதும் இதனால்தான். எந்தத் துகளும் ஓய்விலிருந்து விடுபட்டால் மின்னழுத்த ஆற்றல் குறையும் பக்கம்தான் நகரும். எலக்ட்ரானுக்கு மின்னழுத்தம் ஏற ஏற ஆற்றல் இறங்குகிறது. தொட்டி உதாரணம் இங்கே கையை விரிப்பதற்குக் காரணம், நிறைக்கு ஒரே குறி, மின்னூட்டத்துக்கு இரண்டு குறி. உங்கள் எரிச்சல் நியாயமானது.

நீங்கள் வேதியியல் என்பதால் உங்கள் வீட்டிலிருந்தே ஒன்று. டேனியல் மின்கலம் 1.1 வோல்ட். சோதனைக்குழாயில் செய்தாலும் அதே 1.1, பீப்பாயில் செய்தாலும் அதே 1.1. துத்தநாகம், தாமிரம் இரண்டின் தன்மையும் கரைசல்களின் செறிவும் அதைத் தீர்மானிக்கின்றன, அளவு தீர்மானிப்பதில்லை. ஆற்றலோ எவ்வளவு துத்தநாகம் கரைகிறது என்பதைப் பொறுத்தது. ஒரு மோல், அதாவது 65.4 கிராம் கரைந்தால் இரண்டு மோல் எலக்ட்ரான் வெளிவரும். அது 1,93,000 கூலூம். 1.1-ஆல் பெருக்குங்கள்: 212 கிலோஜூல். கிப்ஸ் ஆற்றல் மாற்றம் என்று நீங்கள் மனப்பாடம் செய்யும் எண் இதுவே. ஹைட்ரஜனின் அயனியாக்கும் ஆற்றல் மோலுக்கு 1,312 கிலோஜூல் என்று படித்திருப்பீர்கள். ஒரு மோல் எலக்ட்ரானுக்கு 1,93,000-இல் பாதி, 96,500 கூலூம்; ஆகவே 13.6-ஐ 96.5-ஆல் பெருக்கிப் பாருங்கள், கிலோஜூலில் வரும்.

பதில்: முதலாண்டு வேதியியல்

இருவருக்கும் நன்றி, ஐயா. 96.5-ஆல் பெருக்கினேன், 1,312 வந்துவிட்டது! பள்ளியில் இரண்டு எண்களையும் தனித்தனியாகத்தான் மனப்பாடம் செய்தேன். ஒன்றையே இரண்டு அலகில் படிக்கிறோம் என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் டி.வி. ஐயாவின் கணக்கில் ஓர் இடத்தில் இடிக்கிறது. கோளத்தில் 5 மைக்ரோகூலூம், 3 லட்சம் வோல்ட். பெருக்கினால் 1.5 ஜூல் வர வேண்டும். நீங்கள் 0.75 என்கிறீர்கள். டேனியல் மின்கலத்தில் மட்டும் பாதி போடாமல் முழுதாகப் பெருக்கியிருக்கிறார்கள். எப்போது பாதி, எப்போது முழுசு?

பதில்: கரும்பலகை

நல்ல கேள்வி. தேர்வுத்தாள்களில் பலர் சறுக்கும் இடம்.

கோளத்துக்கு முதல் மின்னூட்டத் துணுக்கு வந்தபோது அது சுழி வோல்ட்டில் இருந்தது. அதைக் கொண்டுவர எந்த வேலையும் தேவைப்படவில்லை. அடுத்தது வரும்போது ஏற்கெனவே வந்தது தள்ளுகிறது. கடைசித் துணுக்குக்குத்தான் முழு 3 லட்சம் வோல்ட். சராசரி ஒன்றரை லட்சம். அதனால் பாதி. மின்கலத்தில் வேதிவினை முனைகளுக்கு இடையே 1.1 வோல்ட்டை ஏறக்குறைய அப்படியே காத்துக்கொண்டிருக்கிறது. முதல் கூலூமும் அதே 1.1, நூறாவது கூலூமும் அதே 1.1. அதனால் முழுசு. மின்னூட்டம் நகர நகர மின்னழுத்தம் மாறுகிறதா, நிலையாக நிற்கிறதா என்று பார்த்தால் போதும்.

பதில்: செல்போன் சர்வீஸ்

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். என் கடைக்கு இந்தப் பாடத்தைத் தெரியாமலேயே தினமும் யாராவது சண்டைக்கு வருகிறார்கள்.

பவர் பேங்க் மேல் 10,000 மில்லி ஆம்பியர் மணி என்று போட்டிருக்கும். 5,000 போட்ட போனை இரண்டு முறை முழுசாக ஏற்ற வேண்டுமே, ஒன்றரை முறைகூட வரவில்லை, ஏமாற்றிவிட்டீர்கள் என்பார்கள். மில்லி ஆம்பியர் மணி என்பது மின்னூட்டம். 10,000 என்றால் 36,000 கூலூம். உள்ளே இருக்கும் லித்தியம் மின்கலம் 3.7 வோல்ட், ஆகவே ஆற்றல் 37 வாட் மணி. ஆனால் யு.எஸ்.பி. வழியாக வெளியே வருவது 5 வோல்ட். 37-ஐ 5-ஆல் வகுத்தால் 7,400 மில்லி ஆம்பியர் மணிதான். போனுக்குள் அது மறுபடி 3.7 வோல்ட் அளவுக்கு இறங்கும்; இப்படி ஏற்றி இறக்கும் சர்க்யூட்டுகளில் சூடாகப் போவதுதான் உண்மையில் குறையும் பங்கு. பெட்டிமேல் போட்ட எண் பொய்யல்ல, அது ஆற்றலைச் சொல்லவில்லை, அவ்வளவுதான். அதே பெட்டியில் சின்ன எழுத்தில் வாட் மணி என்று ஒன்று இருக்கும். வாங்கும்போது அதைப் பாருங்கள் என்று நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

பதில்: பிக்சர் டியூப்

தம்பி சொல்வதையே சதுர 9 வோல்ட் பேட்டரியிலும் பார்க்கலாம். பிரித்தால் உள்ளே 1.5 வோல்ட் செல்கள் ஆறு, சின்னச் சின்னதாக. கடிகாரத்துக்குப் போடும் நல்ல ஆல்கலைன் பென்சில் பேட்டரி ஏறக்குறைய 2,000 மில்லி ஆம்பியர் மணி. சதுரம் சுமார் 500. ஜூலாக மாற்றினால் பென்சிலுக்கு 10,800, சதுரத்துக்கு 16,200. வோல்ட் ஆறு மடங்கு, ஆற்றல் ஒன்றரை மடங்கு. விலை மட்டும் பல மடங்கு.

மின்வாரியமும் நமக்கு விற்பது வோல்ட் அல்ல, யூனிட். ஒரு யூனிட் 36 லட்சம் ஜூல். உங்கள் கண்காட்சிக் கோளத்தை ஒரு யூனிட்டுக்கு எத்தனை தடவை நிரப்பலாம் என்று தம்பியைக் கணக்குப் போடச் சொல்லுங்கள். பையனுக்கு வேலை கொடுத்த மாதிரி இருக்கும்.

பதில்: முதலாண்டு வேதியியல்

48 லட்சம் தடவை! தம்பி காகிதத்தில் இரண்டு முறை போட்டுச் சரிபார்த்தான்.

புரிந்ததா என்று எனக்கு நானே ஒரு கணக்கு வைத்துக்கொண்டேன், சரியா என்று சொல்லுங்கள். இரண்டு உலோகத் தட்டுகள். மின்னூட்டம் ஏற்றி, பேட்டரியைக் கழற்றிவிட்டேன். தட்டுகளுக்கு நடுவே உள்ள தூரத்தை இரு மடங்காக்குகிறேன். மின்னூட்டம் எங்கும் போக முடியாது, அதனால் மாறாது. மின்புலமும் மாறாது. தூரம் இரு மடங்கு, ஆகவே வோல்ட் இரு மடங்கு. ஆற்றலும் இரு மடங்கு. அந்தக் கூடுதல் ஆற்றல் என் கையிலிருந்து வந்தது, ஏனென்றால் ஒன்றையொன்று இழுக்கும் தட்டுகளை நான் பிரித்து எடுத்திருக்கிறேன்.

பதில்: கரும்பலகை

சரி. தட்டுகளின் அகலத்தோடு ஒப்பிட இடைவெளி சிறியது என்பதை மட்டும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

இனி பேட்டரியைக் கழற்றாமல் அதையே செய்யுங்கள். வோல்ட் மாறாது, கொள்திறன் பாதியாகும், மின்னூட்டம் பாதியாகும், ஆற்றலும் பாதியாகும். இம்முறையும் உங்கள் கை இழுத்துத்தான் பிரித்தது, வேலை செய்தது. ஆனாலும் தட்டுகளில் ஆற்றல் குறைந்திருக்கிறது. அது எங்கே போயிற்று?

பதில்: முதலாண்டு வேதியியல்

பாதி மின்னூட்டம் தட்டுகளை விட்டு வெளியேறியிருக்கிறது. அதற்குப் போக ஒரே வழி, பேட்டரிக்குள் திரும்பிப் போவதுதான். பேட்டரி நிலையான வோல்ட் என்பதால் இங்கே பாதி போடக்கூடாது, முழுசாகப் பெருக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் பேட்டரிக்குத் திரும்பிய ஆற்றல், தட்டுகள் இழந்ததைப்போல் இரண்டு மடங்கு வருகிறது. ஒரு பங்கு தட்டுகள் கொடுத்தது, இன்னொரு பங்கு என் கை கொடுத்தது. அப்படியானால் தட்டுகளை இழுத்தே பேட்டரியைச் சார்ஜ் செய்கிறேனா?

பதில்: கரும்பலகை

ஆமாம், திரும்பச் சார்ஜ் ஏறும் வகைப் பேட்டரியாக இருந்தால். மெதுவாக இழுங்கள், வேகமாக இழுத்தால் ஒரு பகுதி ஒயரில் சூடாகப் போய்விடும்.